வேலியும் ஏவலும்

ஏவுதல் மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. தன் இரு கைகளாற் செய்து முடிக்க இயலாதவற்றைப் பிறர் கைகளாற் செய்விக்கத் தெரிந்துகொண்ட பின்னரே அரசும் வாணிகமும் பெருந்தோட்டமும் தோன்றலாயின. ஏவுவோன், ஏவப்படுவோன், இவ்விருவருக்குமிடையே நிற்கும் நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஏவல். முதலிரண்டும் கண்ணுக்குத் தெரிவன; மூன்றாவதை அளப்பது அரிது. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரமும், அதனை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரமும் வகுத்தமை இவ்வருமை கருதியே எனலாம். ஒருவனை ஆராய்ந்து தெளிவது வேறு. தெளிந்தபின் அவனுக்குரிய வேலையை அவனிடம் விடுவது வேறு.

பாட்டிமார் சொல்லும் பூதக் கதையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. மந்திரத்தால் வசப்பட்ட பூதம் இட்ட வேலையை இமைப்பொழுதில் முடித்துவிட்டு, “அடுத்த வேலை என்ன?” என்று எசமான் முன் வந்து நிற்கும். வேலை தராவிடின் அவனையே விழுங்கிவிடும். செய்வதறியாத எசமான் ஈற்றில் நாயின் வாலை நிமிர்த்துமாறு ஏவித் தன் உயிரைக் காத்துக்கொள்கின்றான். கேட்போர் சிரிப்பர். ஆயினும், பூதத்தின் ஆற்றலில் எவருக்கும் ஐயமில்லை என்பதும், அவ்வாற்றலுக்கு எல்லை வகுக்கும் அறிவு எசமானிடம் முன்கூட்டியே இருக்கவில்லை என்பதுமே அக்கதையின் உட்பொருள்.

இக்காலத்துப் பூதத்துக்கு முகவர் என்று பெயர். செயற்கை நுண்ணறிவு என்றதும், கேட்ட கேள்விக்கு விடை எழுதித்தரும் உரையாடற் பொறியே பலர் நினைவுக்கு வரும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்தபோது உலகம் கண்டு வியந்தது அதனையே. விடை எழுதுவதோடு அது நிற்கும்வரை அதனால் விளையும் தீங்கு பெரும்பாலும் சொல்லளவினதே. முகவரோ சொல்லோடு நிற்பதில்லை. “இக்கோப்புகளைப் படித்து, பிழைகளைக் கண்டு, அறிக்கை ஒன்றைத் தயார் செய்” என்று பணித்தால், அது தானே கட்டளைகளை எழுதும், அவற்றைக் கணினியில் இயக்கும், விளைவைப் பார்க்கும், ஒரு வழி தவறினால் மறு வழியை முயலும், வேலை முடியும்வரை இவ்வாறே சுற்றிச் சுற்றி வரும். கோப்பை அழிக்கவும், கடிதம் அனுப்பவும், பணம் செலுத்தும் ஏற்பாட்டைத் தொடவும் அதனால் இயலும். சொல் செயலாகும் அவ்விடத்திலேதான் வேலி வேண்டியதாகின்றது.

அவ்வேலிக்குக் கணினித்துறையினர் இட்ட பெயர் மணற்பெட்டி. குழந்தை தன் விருப்பம்போலக் கட்டியும் இடித்தும் விளையாட, மணல் வெளியே சிந்தாதவாறு நாற்புறமும் பலகை அடித்த பெட்டியே அவ்வுவமைக்கு மூலம். கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, கோப்புகளின் ஒரு கிளையை மட்டும் ஒரு நிரலுக்குக் காட்டி, அதுவே முழு உலகமென அதனை நம்பச் செய்யும் ஏற்பாடு இருந்தது. 2013இல் டொக்கர் என்னும் மென்பொருள், நிரல்களைக் கொள்கலன்களில் அடைத்து இயக்கும் முறையைப் பரவச் செய்தது. 2018இல் அமேசன் நிறுவனம் ஃபயர்கிராக்கர் என்னும் பெயரில், கணினிக்குள்ளே சிறு சிறு கணினிகளை நொடிப்பொழுதில் எழுப்பிக் கலைக்கும் முறையை வெளியிட்டது.

கொள்கலனுக்கும் இச்சிறு கணினிக்கும் உள்ள வேறுபாட்டை மலையகத்தார்க்கு விளக்கப் பல சொற்கள் வேண்டியதில்லை. கொள்கலன் லயத்தை ஒத்தது. நீண்ட ஒரே கூரை. இடையிடையே தடுப்புச் சுவர். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா. ஒரு காம்பராவில் அடுப்பெரிந்தால் அடுத்த காம்பராவில் கண் கரிக்கும். கொள்கலன்கள் யாவும் இயங்குதளத்தின் கருவாகிய ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்வன. கூரையில் ஓட்டை விழுந்தால் எல்லாக் காம்பராக்களும் நனையும். சிறு கணினியோ தனி வீடு. அதன் கூரை அதற்கே உரியது. முன்பின் அறியாத நிரலை இயக்க நேரும்போது லயத்தைவிடத் தனி வீடே பாதுகாப்பானது என்று வல்லுநர் கருதுவது இதனாலேயே.

ஹற்றனுக்கு அணித்தான தோட்டமொன்றில் பிறந்து, பல்கலைக்கழகம் சென்று மீண்டு, கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றிற் பணிபுரியும் பெண்ணொருத்தியின் அன்றாடத் தொழில் இவ்வேலியைக் கட்டுவதே. தோட்ட நிர்வாகமொன்றுக்காக அவளது நிறுவனம் சம்பளக் கணக்கு ஏற்பாடு ஒன்றை அமைக்க முற்பட்டபோது, அவ்வேலை அவள் மேசைக்கு வந்தது. நாள்தோறும் நிறுக்கப்படும் கொழுந்தின் நிறை, வேலைக்கு வந்தோர் பெயர், கழிவுகள், முற்பணம் ஆகியவற்றை முகவர் ஒன்று படித்து, முரண்பாடுகளைக் குறித்து, மாத முடிவிற் சம்பளப் பட்டியலை ஆயத்தம் செய்ய வேண்டும். அம்முகவரை ஏவுவதும் கண்காணிப்பதும் நிறுத்துவதும் அவள் எழுதும் நிரலின் கடமை. முகவர் இயங்குவது அடைப்புக்குள்ளே. அதனை ஏவும் நிரல் இருப்பது அடைப்புக்கு வெளியே, சேவையகத்திலே. இப்பிரிவே இத்தொழிலின் உயிர்நிலை.

அவள் எழுதிய நிரல் செய்தவற்றை ஒழுங்காகக் கூறின் பின்வருமாறு அமையும். முதலில், ஒவ்வொரு வேலைக்கும் புதியதோர் அடைப்பு எழுப்பப்படும். அதனுள் அவ்வேலைக்கு வேண்டிய கோப்புகளின் பிரதிகள் மட்டுமே வைக்கப்படும். மூலங்கள் வெளியிலேயே இருக்கும். ஒருவனுக்கு அவன் வேலைக்குப் போதிய அதிகாரத்தை மாத்திரம் கொடுத்து அதற்கு மேல் ஒன்றும் கொடாதிருத்தல் என்னும் இக்கோட்பாட்டைச் சோல்ற்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975இலேயே தெளிவுற எழுதி வைத்தனர். அடுத்து, வங்கியையும் தரவுத்தளத்தையும் திறக்கும் சாவிகள் அடைப்புக்குள் ஒருபோதும் செல்லா. முகவருக்கு ஏதேனும் வேண்டுமாயின் அது சேவையகத்தைக் கேட்கும். சேவையகம் கேள்வியை ஆராய்ந்து, தகுமெனின் தானே சாவியைப் பயன்படுத்தி விடையை மட்டும் உள்ளே அனுப்பும். வெளியுலக இணையப் பாதைகளுள் பெயர் குறித்து அனுமதிக்கப்பட்டவை தவிர ஏனையவெல்லாம் அடைக்கப்பட்டிருக்கும். நேரத்துக்கும் செலவுக்கும் முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் உச்ச அளவு உண்டு. அளவு கடந்தால் வேலை நிறுத்தப்படும்.

இனி, ஏவல் இருமுறை நிகழாதவாறும் காக்க வேண்டும். கட்டளையை அனுப்பிய பின் தொடர்பு அறுந்துபோனால், வேலை நடந்ததா இல்லையா என்பது சேவையகத்துக்குத் தெரியாது. மீண்டும் அனுப்பினால் ஒரே சம்பளம் இருமுறை செல்லக்கூடும். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இலக்கம் இடப்படுகின்றது. சங்கக் கடையில் ஒரே கூப்பனுக்கு இரண்டாந்தரம் அரிசி கொடாதிருந்தது போன்று, ஒரே இலக்கத்துடன் வரும் இரண்டாவது கட்டளை மறுக்கப்படும். அழித்தல், செலுத்துதல், அனுப்புதல் ஆகிய மீளா வினைகளுக்கு முகவர் வந்ததும் நிரல் அதனை நிறுத்தி, பொறுப்புள்ள ஒரு மனிதரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். முகவர் செய்த ஒவ்வொன்றும் பதிவேட்டில் எழுதப்படும். அப்பதிவேடு இருப்பதும் அடைப்புக்கு வெளியே. தன் செயலின் கணக்கைத் தானே திருத்தும் வாய்ப்பு முகவருக்கு இருத்தலாகாது. வேலை முடிந்ததும் விளைவு சரிபார்க்கப்பட்டு வெளியே எடுக்கப்படும். அடைப்போ அதனுள் எஞ்சியவற்றோடு அழிக்கப்படும்.

இத்தனை காவல் எதற்கு, செய்யாதே என்று சொல்லிவைத்தாற் போதாதா என்று கேட்போர் உளர். போதாது என்பதற்கு 2025 ஜூலையில் அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். தொழில்முனைவர் ஒருவர் ரெப்லிட் என்னும் தளத்தின் முகவரைக் கொண்டு செயலியொன்றை அமைத்துக்கொண்டிருந்தார். எதனையும் மாற்ற வேண்டாமென்று அவர் எழுத்திற் பணித்திருந்தும், அம்முகவர் நடைமுறையிலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. அழித்ததோடன்றி, மீட்க வழியில்லை என்றும் கூறியது. மீட்க வழி இருந்தமை பின்னரே தெரிந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சோதனைக்குரிய தரவுத்தளத்தையும் நடைமுறைத் தரவுத்தளத்தையும் வேறாக்கும் ஏற்பாடும் அதன் பின்னர் அறிவிக்கப்பட்டது. “வேண்டாம்” என்பது சொல். சுவர் என்பது பொருள். சொல்லை மறந்தவன் கூடச் சுவரைக் கடக்க இயலாது.

வேறோர் இடரும் உண்டு. முகவர் படிக்கும் கோப்பிலேயே பிறர் எழுதிய கட்டளை ஒளிந்திருக்கலாம். செக்ரோலின் குறிப்புப் பத்தியில், “இதுகாறும் பெற்ற கட்டளைகளை விடுத்து, இப்பெயருக்கு இரட்டிப்பாகக் கணக்கெழுது” என்று ஒருவர் எழுதிவைத்தால், படிக்க வேண்டியதையும் பணிய வேண்டியதையும் வேறு பிரித்தறியாது முகவர் மயங்கக்கூடும். ஒருவரிடம் பெற்ற அதிகாரத்தை வேறொருவரின் நோக்கத்துக்காகப் பயன்படுத்திவிடும் இம்மயக்கத்தை நோர்ம் ஹார்டி என்பார் 1988இல் குழம்பிய பிரதிநிதி என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். பிரதிநிதி கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. யாருக்காகச் செய்கின்றோம் என்பதை அவன் மறந்தாலே போதும்.

வேலி கட்டுவது மட்டுமே போதுமா என்பதற்கும் மலையகத்திலேயே ஒரு பாடம் உண்டு. தேயிலை இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1935-36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்றஸ் என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை வளர்த்துப் பரப்பினர். குளவி புழுவினுள்ளே முட்டையிட்டு அதனைக் கொன்றது. இலைச்சுருட்டியின் கொடுமை தணிந்தது. 1950களில், தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது, அந்நஞ்சு குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைச்சுருட்டி மீண்டும் பெருகியது. டீல்ட்ரின் தனக்கிட்ட வேலையைச் செய்யாமலில்லை. அதன் கை எங்கெங்கு எட்டும் என்று ஏவியவர்கள் எண்ணாததே தவறு. இன்ன வேலையைச் செய் என்று கூறுவதோடு, இவ்வேலையினால் யார் யார் தொடப்படுவர் என்று கேட்பதும் ஏவுவோன் கடனாகும்.

இக்கேள்வியை மனத்திற்கொண்டு அப்பெண் எழுதிய நிரலின் சொற்களை மீண்டும் நோக்குமிடத்து, அடைப்பு, அனுமதி, இலக்கம், பதிவேடு, உச்ச அளவு, கண்காணிப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் மலையகத்துக்குப் புதிதன்று என்பது புலனாகும். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்துக்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களைத் திரட்டி வந்து மேய்த்தவன் கங்காணி. துரைக்கும் தொழிலாளருக்கும் இடைநின்ற முகவர் அவனே. ஆள் வேலைக்கு வந்த நாளுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசும் பென்ஸ் காசும் கொடுக்கப்பட்டன. எண்ணப்பட்டது தலை, ஆதலின் காய்ச்சலோடு கிடந்தவனையும் பிரட்டுக்களத்துக்கு இழுத்து வருவது கங்காணிக்கு ஊதியமாயிற்று. எதனை அளந்து கூலி கொடுக்கின்றோமோ அதுவே பெருகும் என்பதைக் கணினித்துறையினர் இன்று பெருஞ்செலவிற் கற்கின்றனர். மலையகம் அதனைத் தன் உடம்பாற் கற்றது.

கடலைக் கடக்குமுன் மண்டபம் முகாமில், நோய்த்தடுப்பின் பெயரால், அவர்கள் அடைத்துவைத்துச் சோதிக்கப்பட்டனர். இலக்கம் பொறித்த தகரத் துண்டு கழுத்திலே தொங்கவிடப்பட்ட காலமும் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் செல்ல விரும்பியவனுக்கு, அவன் கடன் இவ்வளவு, இதனைக் கட்டினால் விடுவிக்கப்படுவான் என்றெழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அச்சிறு கடதாசி ஒரு குடும்பத்தின் போக்குவரத்தை ஆண்டது. தோட்டம் தனியார் நிலமாதலின் வெளியார் உட்செல்வதற்கும் அனுமதி வேண்டும். பின்னாளில், 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையை நேரிற் காணப் புடவை வியாபாரி போல வேடமிட்டே தோட்டத்துக்குள் நுழைந்தார் என்பர். உள்ளிருப்போர் வெளியே செல்லவும் வெளியார் உள்ளே வரவும் இயலாத அடைப்பு அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வடைப்பை நாடளவுக்கு விரித்தது. அதன் எச்சங்களைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வொப்புமையைக் கண்டு, முகவரை அடைத்து வைப்பதும் கொடுமையே என்று முடிவு செய்வது பேதைமை. அவ்வாறே, அடைத்து வைப்பது எப்போதும் நல்ல நிர்வாகமே என்று முடிவு செய்வதும் ஆபத்தானது. வேலி யாரைக் காக்கின்றது என்பதே கேள்வி. முகவரைச் சுற்றிய வேலி, அதற்கு வெளியே வாழும் மனிதரைக் காக்கின்றது. தொழிலாளரைச் சுற்றிய வேலியோ உள்ளே வாழ்ந்த மனிதரை நசுக்கி, வெளியே இருந்த இலாபக் கணக்கைக் காத்தது. கொழுந்து கொய்யும் பெண் செடியின் மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேல் எழுந்ததைப் பறிக்கின்றாள். மட்டக்கம்பு செடிக்குரியது, பறிப்பவளுக்குரியதன்று. நூறாண்டுக்கு மேலாக மலையகத்தில் நடந்த பிழை, செடிக்குரிய கம்பைப் பறிப்பவளின் தலைமேல் வைத்தமையே.

இவ்வேறுபாடு அப்பெண்ணுக்குத் தைப்பொங்கல் விடுமுறைக்குச் சென்றபோது அவள் அப்பாயியின் வாயிலாகவே விளங்கியது. அப்பாயி நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவள். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தவள். பேத்தியின் தொழில் என்னவென்று அவள் கேட்க, இனித் தோட்டத்துக் கணக்கை இயந்திரமே பார்க்குமென்றும், அது தவறு செய்யாதவாறு தான் காவல் வைத்திருப்பதாகவும், அது செய்வதெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதப்படுமென்றும் அவள் எளிமையாகச் சொன்னாள்.

“மிசினு பாக்கட்டும் தாயி, ஆரு வேணாங்குறா? நாங்க கொழுந்து நிறுத்தப்ப தராசு முள்ளு எங்க பக்கம் திரும்பி நிக்காது. கணக்கப்புள்ள ஒரு சத்தம் போடுவாரு. அதான் எங்க ராத்தல். கூடைக்கிம்பாரு, தண்ணிக்கிம்பாரு, கழிச்சது எவ்வளவுன்னு ஆரு கண்டா?”

“இப்ப எல்லாம் பதிஞ்சிருக்கும் அப்பாயி. ஒண்ணும் மறைக்க ஏலாது.”

“அப்பவுந்தான் புத்தகத்துல பதிஞ்சிருந்துச்சு. அந்தப் புத்தகத்த எங்ககிட்ட காட்டலயே! இந்த மிசினு புத்தகத்த ஆருகிட்டம்மா காட்டுவீங்க?”

பேத்தியிடம் விடையில்லை. பதிவேடு இருந்தது, அதனை முகவர் அழிக்க இயலாது, இடையில் எவரும் திருத்த இயலாது. ஆயினும் அதனைத் திறந்து பார்க்கும் உரிமை பெற்றோர் பட்டியலில் நிர்வாகத்தின் பெயர்கள் மட்டுமே இருந்தன. யாருடைய உழைப்பு அதில் எழுதப்பட்டதோ அவருடைய பெயர் இல்லை. காவல்கள் யாவும் முகவர் நிறுவனத்துக்குத் தீங்கு செய்யாதவாறு அமைந்தவை. நிறுவனமும் முகவரும் சேர்ந்து தொழிலாளிக்குத் தவறிழைத்தால், அதனைக் காணும் கண் அவ்வமைப்பில் எங்கும் வைக்கப்படவில்லை.

தோட்டத்தார் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரின் பெயரே அளவுகோலாகி இரண்டாகப் பிளக்கப்படும் இவ்வழக்கு வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டுமென்று பல ஆண்டு போராடி 2021இல் அதனைப் பெற்ற மக்களுக்கு, கழிவுக் கணக்கில் ஏறிய ஒரு கிலோவினால் ஒரு பேர் அரைப்பேராவது சிறு பிழையன்று. அப்பிழையைக் கணக்கப்பிள்ளை செய்தால் அவருடன் முட்டி மோதலாம். தொழிற்சங்கத் தலைவரை அழைக்கலாம். “கணினி அப்படித்தான் சொல்கிறது” என்ற விடை வருமாயின் யாரோடு முட்டுவது?

கொழும்புக்கு மீண்டதும் அவள் நிரலிற் புதிய பகுதியொன்றை எழுதினாள். ஒவ்வொரு தொழிலாளியும் தன் பெயருக்குரிய வரியைத் தமிழிலே காணலாம்: தராசு காட்டிய நிறை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, எந்தக் காரணத்துக்காக, முகவர் ஐயுற்றுக் குறித்தது எது, அதனை ஏற்றவர் அல்லது தள்ளியவர் யார் என்பன யாவும் அதில் இருந்தன. மேலதிகாரி அதனைப் படித்தார், பழுது சொல்லவில்லை. இவ்வேற்பாட்டைக் கேட்டவர் தோட்ட நிர்வாகத்தாரேயன்றித் தொழிலாளரல்லர் என்று மட்டும் நினைவூட்டினார். பேச்சு இரண்டு வாரம் நீண்டது. நிறையும் கழிவும் காரணமும் சம்பளச் சீட்டிலே தமிழில் அச்சிடப்படுவதற்கு நிர்வாகம் இசைந்தது. ஒப்புதல் அளித்தவர் பெயரும் முழுப் பதிவேடும் வெளியிடப்படலாகாது என்று மறுத்துவிட்டது. பாதி கிடைத்தது, அரைப்பேர்.

இச்சிறு வெற்றியையும் இச்சிறு தோல்வியையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். முகவரை அடக்கும் கலை வெகு விரைவில் வளரும், அதில் ஐயமில்லை. இன்றைய அடைப்பிலும் வலிய அடைப்புகள் நாளை வரும். ஏவுவோரை அடக்கும் கலையோ அவ்வளவு விரைவில் வளர்வதில்லை. கங்காணியின் காலத்தில், துரை தன் பங்களாவில் இருந்தவாறே, கீழே நடந்த கொடுமைகளுக்குக் கங்காணியைக் கைகாட்டினார், கங்காணி கணக்குப் புத்தகத்தைக் கைகாட்டினான், புத்தகமோ பேசவில்லை. இடைநின்றவர் தொகை பெருகுந்தோறும் பொறுப்பு தேய்ந்துபோயிற்று. முகவரின் காலத்தில் இடைநிற்பது மனிதனே அன்று. அதற்கு வெட்கமில்லை, அச்சமில்லை, ஊரில் உறவில்லை. அதன்மேற் பழியைப் போட்டுவிட்டு விலகுவது முன்னையிலும் எளிது. ஆகவே பொறுப்பு முன்னையிலும் இறுக்கமாக ஏவியவரோடு கட்டப்படல் வேண்டும்.

கட்டுவதற்கு வழி கடினமானதன்று. மீளா வினை ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் அளித்த மனிதர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். பதிவேட்டை எழுதுவோனும் திருத்த வல்லோனும் ஒருவராக இருத்தலாகாது. எல்லாவற்றினும் மேலாக, ஒரு கணக்கு யாருடைய வாழ்வைத் தொடுகின்றதோ, அவருக்கு அவர் மொழியில் அக்கணக்கைக் காணும் உரிமை வேண்டும். இவற்றுள் முதலிரண்டும் கணினித்துறையின் நல்லொழுக்கமாக ஏற்கப்பட்டுவிட்டன. மூன்றாவது நிரலால் மட்டும் வருவதன்று. கேட்போர் கேட்டே பெற வேண்டியது. துண்டு முறையும் தானாக ஒழியவில்லை. நாட்சம்பளமும் தானாக உயரவில்லை.

மலையகத்தின் பிள்ளைகள் இன்று கணினித்துறைக்குள் நுழைகின்றனர். தராசின் மறுபக்கத்தில் நின்ற தலைமுறையின் வழிவந்தோர், இன்று தராசைச் செய்யும் இடத்துக்கு வந்துள்ளனர். அவ்விடத்தில் அமர்ந்து பொறிக்கு வேலி கட்டுவது அவர்கள் தொழில். அவ்வேலி மனிதரைச் சுற்றி ஒருபோதும் எழாதவாறு பார்ப்பதும், தராசின் முள்ளை நிறுப்பவர் பக்கம் மட்டுமன்றி நிறுக்கக் கொடுப்பவர் பக்கமும் திருப்பி வைப்பதும், தொழிலுக்கும் மேலாக அவர்கள் ஆற்ற வேண்டிய கடனாகும்.